பிள்ளையை விட்டுவிட்டு வரச்சொன்ன அக்காவுக்கு

லூனாஸ்,
18.11.1984.

பெண்டாங்கில் புது வீடும் புதுச் சம்பந்தமும் கண்டு சீரோடும் சிறப்போடும் இருக்கும் என் உடன்பிறந்த அக்கா மருதம்மாள் அவர்களுக்கு, தம்பி பரஞ்சோதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் நவமணியும் குணவதியும் உடம்புக்குச் சௌக்கியம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் அதேபோல் இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். உடம்புக்கு என்றுதான் சொன்னேன். மனசைப் பற்றி இனிமேல்தான் வருகிறது.

உனக்கு எழுத்துத் தெரியாது. இந்தக் கடிதத்தையும் வழக்கம்போலத் தர்மலிங்கம் அத்தான்தான் உனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். ஆகையால் முதலில் அவருக்கு ஒரு விண்ணப்பம். அத்தான், தயவுசெய்து ஒரு வரிகூட விடாமல் படிக்கவும். உங்களைத் திட்டியிருக்கிற இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கலாம், அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தாண்டிப் போகக் கூடாது.

நீ சொல்லி அத்தான் எழுதிய உன் கடிதம் போன புதன்கிழமை கிடைத்தது. லோகநாதனுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும், நான் ஓட்டுகிற ரப்பர் பால் லாரியை எஸ்டேட் வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கி, காவல்காரரிடம் "என் அக்கா மவனுக்குக் கல்யாணம்லா" என்று சொன்னேன். அவன் பிறந்தபோது தொட்டிலுக்குக் கயிறு கட்டியவன் நான். தாய்மாமன் என்ற முறையில் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவனும் நான். இப்படிச் சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தால், கடிதத்தின் அடியில், பேனாவில் மை தீரப்போவது போலச் சின்ன எழுத்தில் ஒரு வரி. "பெண் வீட்டார் பண்டார் பாருவில் கௌரவமான குடும்பம், பார்த்தால் தப்பாக நினைப்பார்கள். ஆகையால் குணவதியை லயத்தில் அக்கம்பக்கத்து வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் வரவும்."

அக்கா, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரமாட்டோம். இருவரும் வரமாட்டோம், மூவரும் வரமாட்டோம். மாலை எடுத்துக் கொடுக்க அத்தான் வேறு ஒரு தாய்மாமனைத் தேடிக்கொள்ளட்டும். ஏன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, லாரி ஓட்டம் இல்லை, எனக்கு அவசரமும் இல்லை.

குணவதிக்கு இப்போது ஏழு வயது. மூன்று வயது வரை ஒரு வார்த்தை பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று பயந்தோம். ஆனால் நாலு வீடு தள்ளி யாராவது பிஸ்கட் டின்னைத் திறந்தால் அங்கே போய் நின்றாள். அப்போதே நீ ஒரு காரணம் கண்டுபிடித்தாய். நவமணி கர்ப்பமாக இருந்தபோது கிரகண நேரத்தில் காய் நறுக்கினாள், அதனால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னாய். அக்கா, அந்தக் கிரகணத்தன்று நாங்கள் உன் வீட்டில்தான் விருந்தாளியாக இருந்தோம். அரிவாள்மனையையும் கத்திரிக்காயையும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தது நீதான். இதை நான் நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லியாயிற்று.

பிறகு நீயே ஆள் அனுப்பினாய். பக்கிரிசாமி என்கிற சாமியாடி உடுக்கையும் விபூதிப் பையும் இருபத்தோரு எலுமிச்சம்பழமுமாக ஒரு சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினார். நடுவீட்டில் பழங்களைக் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் குணவதி அத்தனையையும் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் சுவரோரமாக வரிசை வைத்துவிட்டாள். அவர் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து அறுக்கப் போனார். இவள் கூரை பிய்ந்து போகிற மாதிரிக் கத்தினாள். அவர் திரும்ப வைத்தார். கத்தல் நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி கத்தல், மறுபடி வைத்தார். இப்படி நாலு தடவை. கடைசியில் பழத்தை விட்டுவிட்டு உடுக்கையை எடுத்து அடித்தார். இவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள். அவர் விடாமல் குனிந்து, "யாரு நீ? எங்கேருந்து வந்திருக்க? சொல்லு!" என்று அதட்டினார். உனக்குத் தெரியும், இவளுக்குச் சொந்தமாக வார்த்தை வராது, ரேடியோவில் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லுவாள். "நேரம் இப்போது காலை எட்டு மணி" என்றாள். பக்கிரிசாமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. அவருக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். குரலை உயர்த்தி, "எறங்கிப் போறியா, இல்லியா?" என்றார். இவள் நிமிர்ந்து, சுவரைப் பார்த்து, அழகான குரலில், "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்றாள். மனிதர் உடுக்கையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். போகிறபோது, "இதுக்கு மேல என்னால ஆவாதுப்பா, இது படிச்ச பேயா இருக்கு" என்றார். போதும், நிறுத்துங்கள் என்பதற்குத்தான் அவள் அந்த வாக்கியத்தை வைத்திருக்கிறாள் என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. அன்றிலிருந்து அவள் அதைச் சொன்னால் நாங்கள் நிறுத்திவிடுவோம். அந்த வகையில் உன் சாமியாடிக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் கடிதம் கொடுத்துப் பினாங்குக்குப் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். சீன டாக்டரம்மா. ஒரு மணி நேரம் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கினார். பிறகு பாதி இங்கிலீஷிலும் பாதி மலாயிலும் நிறையச் சொன்னார். எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு வார்த்தை, ஆட்டிசம். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் நானும் நவமணியும் அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். கூலிமைத் தாண்டியதும் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. தாய்ப்பால் போதாமல் சின்னையா அண்ணன் வீட்டு ஆட்டுப்பாலைத்தானே ஒரு வருஷம் கொடுத்தோம்! ஆடு, ஆட்டிசம். லூனாஸில் இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே அவர் ஆட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

"அண்ணே, ஒங்க ஆட்டுனாலதான் என் புள்ள இப்படி ஆயிருச்சு!"

"என்னப்பா ஒளர்ற? ஆடு என்ன பண்ணுச்சு?"

"டாக்டரே சொல்லிட்டாங்கலா, ஆட்டிசம்னு!"

"நாப்பது வருஷமா இதே பாலத்தான் நானும் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"அத நான்தான் சொல்லணும்" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லாயி அக்கா குரல் கொடுத்தார். சண்டை அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுச் சண்டையாகிவிட்டது.

அடுத்த மாதம் மறுபடி பினாங்குக்குப் போனபோது ஜோசபின் என்கிற நர்ஸ் அங்கே இருந்தார். நம் ஆள், கத்தோலிக்கர். நான் ஆட்டுக் கதையைச் சொன்னதும் அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, எங்களை உட்கார வைத்துப் பேசினார். "ஐயா, இது ஆட்டுக்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லாத வார்த்தை. ஒங்க மக பொறக்கும்போதே இப்படித்தான். அவ மூளை வேற மாதிரி வேல செய்யிது. நமக்குச் சாதாரணமா கேக்குற சத்தம் அவளுக்கு இடி மாதிரி கேக்கும். மூஞ்சியப் பாக்கலன்னா பாசம் இல்லன்னு அர்த்தம் இல்ல. எல்லாம் ஒரே மாதிரி நடந்தா அவளுக்கு நிம்மதி. அம்மா சாப்பிட்டது, அம்மா செஞ்சது, அதெல்லாம் எதுவும் காரணமே இல்ல." கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நவமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஐந்து வருஷத்து அழுகை. "மருந்து இருக்குதாம்மா?" என்று நான் கேட்டேன். "மருந்து இல்ல. அவ என்ன சொல்றான்னு நீங்கதான் கத்துக்கணும்" என்றார் ஜோசபின். ஊருக்கு வந்து சின்னையா அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டார். ஆடு மன்னிக்கவில்லை, இன்றைக்கும் என்னைக் கண்டால் முட்ட வருகிறது.

ஆக, கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம். அவள் தட்டில் சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நவமணி நடுவில் அப்பளத்தை நிறுத்தி அணை கட்டுவாள். தலை சீவுவதற்கு முன் சீப்பை அவள் கையில் கொடுத்து, இப்போது சீவப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், சொல்லாமல் தொட்டால் அன்றைக்கு லயம் முழுவதும் கேட்கும். நான் மீசையை மழித்த கதை உனக்குத் தெரியாது. தீபாவளிக்கு ஸ்டைலாக இருக்கட்டும் என்று எடுத்துவிட்டு வந்தேன். பதினோரு நாள் என் பக்கத்தில் வரவில்லை. நான் உள்ளே வந்தால் அவள் வெளியே போய், அப்பா வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மீசை முளைத்து ஒரு மாதிரி ஆளானதும் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என் முதுகில் சாய்ந்துகொண்டாள். இந்த ஜன்மத்தில் இனி கத்தி என் மேல் உதட்டில் படாது.

இவ்வளவும் தெரிந்த நான்தான், அக்கா, போன வருஷம் உன் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்தேன். அத்தான், தண்ணீர் குடிக்க வேண்டிய இடம் இது. வாசலில் ரம்புத்தான் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, பெண்டாங் வயல்காட்டில் இருக்கிற கொக்கெல்லாம் பறந்து போகிற அளவுக்குப் பாட்டு வைத்திருந்தார். நவமணி இரண்டு தடவை போய், "அண்ணே, கொஞ்சம் கொறைச்சு வைங்க, புள்ள தாங்காது" என்றாள். குறைக்கவில்லை. குணவதி காதைப் பொத்திக்கொண்டு அறை அறையாக ஓடினாள், கடைசியில் அடுப்படிப் பலகைக்குக் கீழே நுழைந்தாள். பலகை சாய்ந்தது. பாயசம், பித்தளைச் சட்டி, எல்லாம் தரையில். வந்திருந்த கூட்டம் முழுவதும் அடுப்படி வாசலில் நின்றது. அத்தான், "புள்ளய வளக்கத் தெரியாதவங்க எதுக்குப்பா நாலு பேரு கூடுற எடத்துக்குக் கூட்டிட்டு வர்றீங்க? ஒரு அறை விட்டா எல்லாம் சரியாப் போவும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து பிள்ளையை வெளியே இழுத்து அடித்தேன்.

அடித்தது நான்தான். அத்தான் சொன்னார், ஆனால் கை என்னுடையது. இதையும் சேர்த்தே படிக்கவும்.

அவள் அழவில்லை. அடித்த அந்தக் கையையே இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, தன் காதின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுக்கு அப்போது தேவைப்பட்டது அந்தச் சத்தம் நிற்பது ஒன்றுதான். அடி வலித்ததா என்றுகூட அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் பாயசத்தில் அப்படியே உட்கார்ந்து, இன்னொரு கையால் மற்றக் காதையும் பொத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று பாட்டு நின்றது. மழையில் ஒயர் நனைந்து ஒலிபெருக்கி கெட்டுப்போனதாக அத்தான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு மழையே பெய்யவில்லை. ஒயரைப் பிடுங்கியவள் நவமணி.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாதது வேறு. நீ அங்கே நின்றுகொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்கு ஆறு வயதில் கங்காணி பிரம்பை ஓங்கியபோது குறுக்கே வந்து முதுகில் வாங்கிக்கொண்டவள் நீ. அந்த மருதம்மாளை நான் அன்றைக்கு உன் வீட்டில் தேடினேன்.

இப்போது கௌரவத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். கௌரவமான ஒரு மனிதரை நான் இரண்டு மாதத்துக்கு முன்னால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் குணவதியும் லூனாஸ் கடைக்கு நடந்து போய் ஒரு பொட்டலம் கிரீம் பிஸ்கட் வாங்கி வருவோம். பாதை மாறக் கூடாது. ரப்பர் பால் ஸ்டோர் ஓரமாக, பிள்ளையார் கோயிலுக்கு வலது பக்கமாக, ரோட்டின் இந்த ஓரமாகத்தான். அன்றைக்குப் போனால் தண்ணீர்க் குழாய் போட அந்த ஓரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எதிர் ஓரம் காலியாகக் கிடக்கிறது, ஆனால் அவளுக்கு அது பாதை இல்லை. பள்ளத்தின் முன்னால் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். கால் மணி நேரம் நின்றோம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஒருவர், "தூக்கிட்டுப் போப்பா" என்றார், இன்னொருவர், "ரெண்டு போடு" என்றார். நான் அந்த இரண்டாமவரைப் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழாய் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான மலாய்க்காரர் பள்ளத்திலிருந்து ஏறி வந்து என்ன என்று கேட்டார். என் மகளுக்கு இந்த வழியாக மட்டும்தான் போகத் தெரியும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் இவளைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். "தாப்பா லா" என்றார். பரவாயில்லை என்று அவ்வளவுதான். ஒரு நீளப் பலகையை எடுத்துவந்து பள்ளத்தின் குறுக்கே போட்டு, தானே அதன் மேல் இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். வேலைக்காரர்கள் அத்தனை பேரும் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். குணவதி யாரையும் பார்க்காமல், நிமிர்ந்து, மகாராணி மாதிரி நடந்து போனாள். திரும்பி வருகிறபோது அவர் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவந்து மறுபடி பலகையைப் போட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படி நடந்தது. பிறகு பள்ளத்தை மூடிவிட்டார்கள், ஆனால் அதற்குள் பலகையும் பாதையில் சேர்ந்துவிட்டது, பலகை இல்லாமல் இவள் நடக்க மாட்டேன் என்கிறாள். அந்த மனிதர் அதைச் சமதரையிலேயே விட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. ஊரில் பாதிப் பேர் அதில் இடறி விழுந்து என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

முன்பின் தெரியாதவர், வேறு பாஷைக்காரர், அவர் பலகை போட்டார். கூடப் பிறந்த நீ, லயத்தில் விட்டுவிட்டு வா என்கிறாய். குணவதி பெட்டி இல்லை, அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வருவதற்கு. நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்குச் சோறு போட இடம் இல்லாத பந்தலில் எனக்கு வேலை இல்லை. பெண் வீட்டார் "தாய்மாமன் எங்கே?" என்று கேட்டால், அவர் மகளோடு பிஸ்கட் வாங்கப் போயிருக்கிறார் என்று சொல்லவும். வரமாட்டோம். இது என் முடிவு. அரசாங்கமே வந்து சொன்னாலும் மாறாது.

லோகநாதனும் வரப்போகிற மருமகளும் பதினாறும் பெற்று நிறைவாக வாழ என் ஆசீர்வாதம். அந்தப் பதினாறில் ஒன்று எங்கள் குணவதி மாதிரிப் பிறந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல், எங்களிடம் வந்தால் சொல்லித் தருவோம். இவ்வளவு தூரம் விடாமல் படித்திருந்தால் அத்தானுக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத உன் தம்பி,
பரஞ்சோதி.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதை நவமணிக்குப் படித்துக் காட்டினேன். கை தட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அவங்க என்ன கேட்டாங்க?" என்றாள். "குணவதி வரக் கூடாதுன்னு" என்றேன். "நீங்க என்ன எழுதியிருக்கீங்க?" "நாம யாரும் வரமாட்டோம்னு." "அப்ப அவங்க கேட்டத நீங்களே முடிச்சுக் குடுத்துட்டீங்க. இதுக்கா இத்தன பக்கம்?" என்றாள். மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தேன்.  ஆகையால் அத்தான், மேலே 'வரமாட்டோம்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'வருவோம்' என்று மாற்றிப் படிக்கவும். மற்றதெல்லாம் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் காலைப் பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம். போகிற இடத்தைப் பிள்ளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்று நவமணி காலண்டர் தாளின் பின்புறத்தில் படம் போட்டிருக்கிறாள், பஸ், உங்கள் வீடு, பந்தல், சோறு, மறுபடி பஸ். குணவதி அதை மூன்று தடவை தடவிப் பார்த்துவிட்டாள். இனி மாற்ற முடியாது. மீதியை நவமணி தன் கையால் எழுதுகிறாள்.

அண்ணிக்கு நவமணி எழுதுவது. முன்வரிசையில் மூன்று நாற்காலி போட்டு வையுங்கள். பெண் வீட்டார் இந்தப் பிள்ளை யார் என்று கேட்டால், மாப்பிள்ளையின் மாமன் மகள் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.